பொன்முடி: 22 வளைவுகள் ஏறலாம், கவனமாய் இறங்கலாம்

திருவனந்தபுரத்தில் காலைச் சிற்றுண்டி முடித்துக் காரில் புறப்பட்டால், நண்பகலுக்கு முன்பே பொன்முடியின் பனிமூட்டத்தைக் கண்டு மகிழலாம். தொலைவு 60 கிலோமீட்டருக்குள்தான்; உயரமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர்.

நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து கல்லாறு வந்ததும் மலையேற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் நம்மை மேலே அழைத்துச் செல்கின்றன. அடர்ந்த காடு, தேயிலைத் தோட்டம், திறந்த புல்வெளி எனக் காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஏறுவதற்கு வலுவான எஞ்சின் துணை நிற்கும். காரின் திறமும் ஓட்டுநரின் பொறுமையும் இறங்கும்போதுதான் சோதிக்கப்படுகின்றன. பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே ஏறிய அதே தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வேகத்தை அடக்கும். எரிபொருளைச் சேமிக்க எண்ணி நியூட்ரலில் உருளவிடுவது பேராபத்து. குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

புறப்படுமுன் டயர், பிரேக், முகப்பு விளக்கு ஆகியவற்றுடன் காப்பீடு முடியும் நாளையும் பார்த்துவிடுவோம். கனமழைக் காலத்தில் பொன்முடிக்குச் செல்ல அனுமதி மறுக்கப்படுவதுண்டு. முன்கூட்டியே விசாரித்தல் நலம். பொழுது சாயும் முன் இறங்கிவிட்டால், கண்ட காட்சிகளை வீட்டில் அமர்ந்து அமைதியாக அசைபோடலாம்.