அணியைக் கட்டுகிறவருக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

2024 ஜூன் 17 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணி டாலஸ் மேவரிக்ஸை வீழ்த்தித் தன் 18ஆவது என்.பி.ஏ. கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது ஜேலன் பிரவுனுக்குப் போனது. அணியின் இன்னொரு தூண் ஜேசன் டேட்டம். இந்த இருவரும் பாஸ்டனுக்கு வந்த வழி 2013 கோடையிலேயே திறந்துவிட்டது. அந்த ஆண்டு புரூக்ளின் நெட்ஸ் அணியோடு செய்த வீரர் பரிமாற்றத்தில் கிடைத்த புதுமுக வீரர் தேர்வு உரிமைகளைக் கொண்டுதான் 2016இல் பிரவுனையும் 2017இல் டேட்டமையும் பாஸ்டன் எடுத்தது. அந்தப் பேரத்தை முடித்த டேனி எய்ன்ஜ் 2021இலேயே பதவியை விட்டு விலகிவிட்டார். 2024இல் ஆண்டின் சிறந்த நிர்வாகி விருது, அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த பிராட் ஸ்டீவன்ஸுக்குக் கிடைத்தது.

ஸ்டீவன்ஸ் அந்த விருதுக்கு முழுத் தகுதியுள்ளவர். டெரிக் வைட், ஜூரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் மூவரையும் கொண்டுவந்து அணியை முழுமையாக்கியவர் அவர்தான். ஆனால் விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர் என்ற நிலையில், வெற்றி தோல்விப் பட்டியலைப் பார்த்து ஒரு பொது மேலாளருக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

முதலில் அந்த வேலை என்னவென்று பார்க்கலாம். களத்தில் யார் ஆட வேண்டும், எப்படி ஆட வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். அவர் கையில் யார் யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்கிறவர் பொது மேலாளர். சில அணிகளில் அவருக்கு மேலே ‘தலைவர்’ என்ற பட்டத்தோடு இன்னொருவர் இருப்பார். பட்டம் எதுவானாலும், வீரர்களைப் பற்றிய இறுதிச் சொல் யாருடையதோ அவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. முழு ஒப்பந்தத்தில் 15 வீரர்கள், ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள், போட்டிக்கு நிற்கும் 30 அணிகள் ஆகியவற்றுக்குள் அவர் வேலை அடங்குகிறது.

ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே தெரியும். அங்கே ஒரு புதுமுக வீரர் யாரிடம் போவார் என்பதை ஏலத்தொகை தீர்மானிக்கிறது. என்.பி.ஏ.வில் புதுமுகங்கள் ‘டிராஃப்ட்’ வழியாக வருகிறார்கள். இரண்டு சுற்று, அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத அணிகளுக்கு முன்வரிசை. அவற்றுக்குள் முதல் சில இடங்களைக் குலுக்கல் தீர்மானிக்கும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் தொடக்க ஆண்டுச் சம்பளம் அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தேர்வு உரிமையையே அணிகள் வாங்கலாம், விற்கலாம். பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் உரிமையைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம்.

பணத்துக்கும் வரம்பு உண்டு. அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 1984–85 பருவத்தில் 36 லட்சம் டாலராகத் தொடங்கி, 2025–26இல் சுமார் 15.46 கோடி டாலரை எட்டியிருக்கிறது. சில விலக்குகளைப் பயன்படுத்தி வரம்பைத் தாண்டலாம், ஆனால் தாண்டத் தாண்ட வரியும் தடைகளும் கூடும். ஆகவே ஒரு வீரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாமல் போன டாலர்.

இந்தப் பின்னணியில் ஒரு மேலாளரை எடைபோட, அவர் எங்கே தொடங்கினார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

2013இல் புரூக்ளின் செய்ததையே எடுத்துக்கொள்வோம். அணியின் உரிமையாளர் மிகைல் புரோகரோவ் 2010இல் அணியை வாங்கியபோதே, ஐந்தாண்டுக்குள் பட்டம் வெல்ல வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். பொது மேலாளர் பில்லி கிங், 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து பெற்றார். பதிலுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தார். புரூக்ளின் ஒரே ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது. அடுத்த கோடையில் பியர்ஸ் போனார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் போனார். அணி சரிந்தது. சரியச் சரிய, பாஸ்டன் கையிலிருந்த உரிமைகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

கிங்குக்குப் பிறகு 2016 பிப்ரவரியில் வந்தவர் ஷான் மார்க்ஸ். 2016–17 பருவத்தில் நெட்ஸ் 20 ஆட்டங்களில் வென்று 62இல் தோற்றது. லீகிலேயே கடைசி இடம். வழக்கமாகக் கடைசி அணிக்குக் கிடைக்கும் ஆறுதலான முன்வரிசைத் தேர்வும் பாஸ்டனுக்குப் போய்விட்டது. பட்டியலை மட்டும் பார்த்தால் மார்க்ஸ் தோற்றவர். ஆனால் அந்த வெறுங்கையோடு அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் கதை வேறு. மற்ற அணிகள் கைவிட்ட ஜோ ஹாரிஸ், ஸ்பென்சர் டின்விடி போன்றவர்களை எடுத்து வளர்த்தார். முதல் சுற்றின் 22ஆவது இடத்தில் ஜாரெட் ஆலனைக் கண்டெடுத்தார். இரண்டே ஆண்டில், 2018–19இல், அணி 42 வெற்றிகளோடு பிளேஆஃபுக்குப் போனது. அந்த 20 வெற்றிப் பருவத்தின் பெரும்பகுதியை முந்தையவரின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அடுத்த அளவுகோல் டிராஃப்ட். முதலாவதாக ஒருவரை எடுத்து அவர் நட்சத்திரமானால் அதில் மேலாளருக்குப் பெரிய பாராட்டு இல்லை. அந்த இடத்தில் நட்சத்திரம் கிடைப்பதே எதிர்பார்ப்பு. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுத் தரவை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எடுக்கப்பட்டவர்கள் சராசரியாக எவ்வளவு சாதித்தார்கள் என்று ஒரு வரைகோடு போடுகிறார்கள். முதல் சில இடங்களுக்குப் பிறகு அந்தக் கோடு செங்குத்தாக இறங்கும். கோட்டுக்கு மேலே எவ்வளவு தூரம் என்பதுதான் மேலாளரின் சம்பாத்தியம். 1999இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 57ஆவதாக, அதாவது கடைசிக்கு முந்தைய இடத்தில், அர்ஜென்டினாவின் மானு ஜினோபிலியை எடுத்தது. அவர் நான்கு பட்டங்களில் பங்கு பெற்றார். அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் அது அபாரமான தேர்வு.

இங்கேயும் நிதானம் வேண்டும். 2014இல் டென்வர் நகெட்ஸ் 41ஆவதாக எடுத்த செர்பிய இளைஞர் நிகோலா யோகிச் மூன்று முறை லீகின் மிக மதிப்புமிக்க வீரரானார். 2023இல் டென்வருக்கு முதல் பட்டத்தையும் வென்று தந்தார். அப்போதைய மேலாளர் டிம் கானலியின் கூரிய பார்வைக்கு அது சான்றுதான். ஆனால் அதே இரவில் யோகிச்சுக்கு முன்பாக யூசுஃப் நுர்கிச், கேரி ஹாரிஸ் என்று இரண்டு பேர் டென்வர் வசமாகியிருந்தார்கள். யோகிச் இப்படி வளர்வார் என்று டென்வர் அறிந்திருந்தால் 41ஆம் இடம்வரை காத்திருக்குமா? திறமையான தேடலும் நல்வாய்ப்பும் அந்தத் தேர்வில் கலந்தே இருக்கின்றன. ஒரு மேலாளர் பத்தாண்டு பதவியில் இருந்தாலும் அவர் செய்யும் டிராஃப்ட் தேர்வுகள் பெரும்பாலும் 20, 30க்குள் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய தொகுதியிலிருந்து திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தெடுப்பது புள்ளியியலுக்கே கடினமான வேலை.

சாம் பிரெஸ்டியின் ஏடு இதைத் தெளிவாகக் காட்டும். இப்போது ஓக்லஹோமா சிட்டி தண்டர் என்று அழைக்கப்படும் அணிக்கு அவர் 2007இல் வந்தார். கெவின் டியூரன்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் என்று தொடர்ச்சியாக மூன்று டிராஃப்டுகளில் மூவரை எடுத்தார். மூவரும் பின்னாளில் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றார்கள். யோகிச் கிடைத்த அதே 2014 டிராஃப்டில் அவர் 21ஆவதாக மிட்ச் மெக்கேரியையும் 29ஆவதாக ஜாஷ் ஹியூஸ்டிஸையும் எடுத்தார். இருவரும் லீகில் நிலைக்கவில்லை. மேலாளர் அதே மனிதர்தான். ஒரே ஒரு தேர்வை முன்னிறுத்தி ஒருவரை மேதை என்றோ தகுதியற்றவர் என்றோ சொல்வது எவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு காலங்களும் சேர்ந்து சொல்கின்றன.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் விளைவு எப்படி அமைந்தது என்பதையும் தனித்தனியே பார்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. 2017இல் குலுக்கலில் கிடைத்த முதல் இடத்தை பாஸ்டன் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, தான் மூன்றாம் இடத்துக்கு இறங்கி, கூடவே இன்னொரு முதல் சுற்று உரிமையையும் பெற்றது. பிலடெல்பியா எடுத்த மார்கெல் ஃபுல்ட்ஸ்தான் அந்த ஆண்டின் முதல் வீரர் என்பது அன்றைக்குப் பரவலான கணிப்பு. அவருக்குத் தோள் பிரச்சினை வந்தது. பிலடெல்பியாவுக்காக 33 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். பாஸ்டனுக்கு டேட்டம் கிடைத்தார். பிலடெல்பியாவின் முடிவு விளைவில் படுமோசம். ஆனால் அன்றைய தகவலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான அணிகள் எடுத்திருக்கக்கூடிய முடிவுதான்.

இதற்கு நேர்மாறான வழக்கு டாலஸ். 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் பொது மேலாளர் நிகோ ஹாரிசன், 25 வயது லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பினார். பதிலுக்கு வந்தவர்கள் 31 வயது ஆண்டனி டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி. கூடவே 2029இன் ஒரு முதல் சுற்று உரிமை. ஐந்து பருவங்கள் தொடர்ந்து லீகின் சிறந்த வீரர்களுக்கான முதல் தெரிவு அணியில் இடம்பெற்ற வீரர் விற்பனைக்கு இருக்கிறார் என்பதே பெரும்பாலான அணிகளுக்குத் தெரியாது. பலரிடம் விலை கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைக் கேட்காமலே விட்டது முடிவெடுத்த முறையின் குறை. பிறகு நடந்தது வியப்பு: மே மாதக் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்போடு நின்ற டாலஸுக்கு முதல் இடம் விழுந்தது. கூப்பர் ஃபிளாக் வந்தார். பத்தாண்டு கழித்து டாலஸ் செழித்திருந்தாலும், அந்தச் செழிப்பை பிப்ரவரி முடிவின் பெருமையாக எழுத முடியாது. நவம்பரில் அணி ஹாரிசனைப் பதவி நீக்கியது.

வேண்டுமென்றே தோற்றவரை எப்படி எடைபோடுவது? சாம் ஹிங்கி 2013இல் பிலடெல்பியாவுக்கு வந்தார். நடுத்தர அணியாக இழுபடுவதைவிட அடித்தளத்துக்குப் போய் முன்வரிசைத் தேர்வுகளைச் சேர்ப்பதே பட்டத்துக்கு வழி என்று அவர் நம்பினார். மூன்று பருவங்களில் 19, 18, 10 வெற்றிகள். மொத்தம் 246 ஆட்டங்களில் 47. மூன்றாம் பருவம் முடியும் முன்பே, 2016 ஏப்ரலில், 13 பக்கக் கடிதம் எழுதிவைத்து விலகினார். அவர் 2014இல் எடுத்த ஜோயல் எம்பீட் கால் காயத்தால் இரண்டு பருவங்கள் ஆடவே இல்லை. 2023இல் மிக மதிப்புமிக்க வீரரானார். 2017–18இல் அணி 52 ஆட்டங்களில் வென்றது. ஆனாலும் எம்பீட்டை மையமாகக் கொண்ட அந்த அணி பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டியதே இல்லை.

ஹிங்கியின் கணக்கு காகிதத்தில் சரியாகவே இருந்தது. ஆனால் காசு கொடுத்து அரங்குக்கு வந்த ரசிகர்களுக்கும், தோல்வியிலேயே தொழில் கற்ற இளம் வீரர்களுக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் மதிப்பெண் போட வேண்டும். லீக் தன் தீர்ப்பை விதியாகவே எழுதியது: மிக மோசமான அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதத்திலிருந்து 2019இல் 14ஆகக் குறைந்தது.

காலம்தான் இந்தக் கணக்கின் மிக நீண்ட பத்தி. பிரெஸ்டி 2012இல் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கடுமையாகிக்கொண்டிருந்த சம்பள வரி அதற்குப் பெரிய காரணம். 2016இல் டியூரன்ட் தானாகவே விலகினார். 2019 ஜூலையில் அணியின் நட்சத்திர வீரர் பால் ஜார்ஜ் போக விரும்பினார். இன்னொரு நட்சத்திரமான காவாய் லெனர்ட் தங்களிடம் வர ஜார்ஜ் தேவை என்ற நிலையில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் இருந்தது. அந்தப் பிடியைப் பிரெஸ்டி முழுவதுமாகப் பயன்படுத்தினார். அப்போது பெரிதாக அறியப்படாத ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டானிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று உரிமைகள், இரண்டு இடமாற்ற உரிமைகள் அவருக்குக் கிடைத்தன. 2020–21இல் 22 வெற்றிகள், அடுத்த பருவத்தில் 24. அன்றைக்குப் பட்டியலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அவர் வேலை போயிருக்கும். அணியின் உரிமையாளர்கள் காத்திருந்தார்கள். 2024–25இல் 68 வெற்றிகள், பிறகு பட்டம். கில்ஜியஸ்-அலெக்சாண்டர் மிக மதிப்புமிக்க வீரர். கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளில் ஒன்றைக் கொண்டு 12ஆவதாக எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் அணியின் இரண்டாம் தூண். பதவிக்கு வந்து 18ஆம் ஆண்டில்தான் பிரெஸ்டி சிறந்த நிர்வாகி விருதை முதன்முறையாகப் பெற்றார்.

அவருடைய அடுத்த சோதனை பணத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் மூவரோடும் தண்டர் செய்த ஒப்பந்த நீட்டிப்புகளின் மொத்தம் 82 கோடி டாலர் வரை போகலாம். 2023இல் வந்த விதிகளின்படி, மிக உயர்ந்த சம்பள வரம்பைத் தாண்டிய அணியால் பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் பெற முடியாது. ஏழாண்டுக்குப் பிந்தைய முதல் சுற்று உரிமையையும் விற்க முடியாது. அந்தச் சுமை தாங்காமல்தான் 2025 கோடையில் பாஸ்டன் ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பிவைத்தது. இத்தகைய நெருக்கடியில் குறைந்த சம்பள இளம் வீரர்களே ஒரு அணியைத் தாங்குவார்கள். அவர்களைப் பெறும் வழியை பிரெஸ்டி முன்பே சேர்த்துவைத்திருக்கிறார். கிளிப்பர்ஸின் 2026ஆம் ஆண்டு முதல் சுற்று உரிமையும் 2019 ஜூலைப் பேரத்தில் தண்டருக்கு வந்ததுதான்.