‘23 கொடுக்கும்னு சொன்னாங்க... 16தான் வருது!’ ஹைபிரிட் கார் மைலேஜில் நடப்பது என்ன?

சென்னை:

‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?’

கார் வாங்க நினைக்கும் யாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கலர், சீட்டு, டச் ஸ்கிரீன் எல்லாம் அப்புறம். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் விலை முதல்முறையாக லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அப்போதிருந்து இந்தக் கேள்வியின் சத்தம் இன்னும் கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வந்து இறங்கியவைதான் ‘ஸ்டிராங் ஹைபிரிட்’ குடும்பக் கார்கள். பெட்ரோலும் ஓடும், கரண்டும் ஓடும், ஆனால் பிளக்கில் சொருகி சார்ஜ் போட வேண்டியதில்லை. 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாரா வந்தது. கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர்! அதே வருடக் கடைசியில் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் வந்தது. ஏழு, எட்டு பேர் உட்காரும் அவ்வளவு பெரிய வண்டிக்கு 23.24 கிலோமீட்டர் என்றார்கள்.

வாங்கியவர்கள் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் கதை வேறு. ஹைகிராஸ் ஓட்டுபவர்களிடம் கேட்டால் 14 என்பார் ஒருவர், 18 என்பார் இன்னொருவர். 23-ஐ தினமும் பார்ப்பவர் அபூர்வம். ‘என்னங்க, நமக்கு மட்டும் அல்வாவா?’ என்று புலம்புபவர்களும் உண்டு.

கம்பெனி பொய் சொல்கிறதா? இல்லை. ஆனால் அந்த நம்பர் நம்ம ரோட்டில் எடுத்தது அல்ல.

உருளை மேல் ஓடும் கார்!

மைலேஜ் சான்று தரும் சோதனை, ஒரு அறைக்குள் நடக்கிறது. காரின் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ.தான் இதில் பெரிய பெயர். நம்ம ஒரகடத்திலும் ஒரு சோதனை மையம் இருக்கிறது.

இந்த ‘ஓட்டம்’ மொத்தம் சுமார் 20 நிமிடம். தூரம் 11 கிலோமீட்டருக்கும் குறைவு. வேகம் 90-க்கு மேல் போகாது. நிதானமாக ஏறும், நிதானமாக இறங்கும். ஏசி ஓடாது. சித்திரை வெயில் கிடையாது, மழைத் தண்ணீர் கிடையாது, குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோவும் கிடையாது. வண்டியில் மாமியார், மச்சான், நாலு பெட்டி, ஒரு மூட்டை அரிசி எதுவும் இருக்காது.

எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பரீட்சை. அதனால் ‘இந்தக் காரை விட அந்தக் கார் மேல்’ என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த நம்பர் உதவும். ‘நம்ம பாக்கெட்டில் மாதம் எவ்வளவு கரையும்’ என்பதற்கு உதவாது.

அமெரிக்காவிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. உலகம் முழுக்கப் புகழ்பெற்ற ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். 2007 மாடலுக்கு அங்கே ஒட்டிய லேபிளில் டவுன் மைலேஜ் காலனுக்கு 60 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல். ஏசி, அதிக வேகம், குளிர் எல்லாம் சேர்த்து சோதனை முறையை 2008 மாடலில் இருந்து மாற்றினார்கள். அதே கார் 48 மைலுக்கு, அதாவது சுமார் 20 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. காரில் ஒரு ஸ்குரூ கூட மாறவில்லை!

இன்னொன்று, மறைமலைநகரில் 2022 வரை கார் தயாரித்த அதே ஃபோர்டு கம்பெனியின் கதை. அமெரிக்காவில் ‘சி-மேக்ஸ்’ என்ற ஹைபிரிட் குடும்பக் காரை 47 மைல் என்று சொல்லி விற்றது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பார்த்தால், அந்தக் காரைத் தனியாக சோதிக்காமல், அதே இன்ஜின் உள்ள இன்னொரு காரின் நம்பரைப் போட்டிருந்தார்கள். அங்கே உள்ள விதி அதற்கு இடம் கொடுத்தது. 2013 ஆகஸ்டில் 43 என்று குறைத்து, வாங்கியவர்களுக்கு தலா 550 டாலர் கொடுத்தது கம்பெனி. 2014-ல் மறுபடியும் குறைத்து 40 ஆக்கியது. இங்கே அப்படிப் பணம் வாங்கிய ஆள் யாரையும் நாம் பார்த்ததில்லை.

சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கா?

சரி, இந்த ஹைபிரிட் எப்படித்தான் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது?

சைக்கிளில் டைனமோ வைத்து லைட் எரித்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் லைட் எரியும், ஆனால் மிதிப்பது கஷ்டமாகிவிடும். காரணம், சக்கரத்தின் ஓட்டம் கரண்டாக மாறுகிறது. ஹைபிரிட் காரில் பிரேக் மிதிக்கும்போது நடப்பதும் அதேதான். மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியை இழுத்துப் பிடித்தபடி கரண்ட் எடுத்து பேட்டரிக்கு அனுப்பும். சாதாரணக் காரில் அந்தச் சக்தி பிரேக் சூடாகி காற்றோடு போய்விடும்.

சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக ஆஃப். கிளம்பும்போது சேமித்த கரண்டில் மெதுவாக நகரும். அதனால்தான் ஊருக்கு நேர்மாறாக, ஹைபிரிட் கார் டிராபிக்கில் நன்றாகக் காட்டும். வடபழனி சிக்னல், கத்திப்பாரா நெரிசல் எல்லாம் மற்ற காருக்கு எமன், இதற்குத் தீனி.

ஆனால் பேட்டரி ரொம்பச் சின்னது. ஹைகிராஸில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. வீட்டு ஈ.பி. கணக்கில் சொன்னால் 2 யூனிட் கூட கிடையாது. அது சில்லறை போட்டு எடுக்கும் உண்டியல் மாதிரி. பெரிய பணம் அதில் நிற்காது.

மைலேஜ் எங்கே போகிறது?

முதல் ஆசாமி ஏசி. ஹைபிரிட்டில் ஏசி கரண்டில் ஓடும். சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர் வரும், ஜோர்தான். ஆனால் மே மாதம் மத்தியானம், வெயிலில் நிறுத்திய காரில் 18 வைத்து ஃபுல்லாக விட்டால் அந்தச் சின்ன பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். உடனே இன்ஜின் எழுந்துகொள்ளும், நின்ற இடத்திலேயே பெட்ரோல் குடிக்கும். கொஞ்ச நேரம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டுவிட்டு, 24, 25-ல் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது வேகம். செங்கல்பட்டு தாண்டி திருச்சி ரோட்டில் ஏறினால் எல்லோருக்கும் கால் கனத்துவிடுகிறது. 80-ல் போகும்போது வண்டியை எதிர்த்துத் தள்ளும் காற்று, 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை. பிரேக் இல்லை என்றால் டைனமோவும் இல்லை. மோட்டார், பேட்டரி எல்லாம் சும்மா சுமைதான். டீசல் இன்னோவா ஓட்டிப் பழகியவர்கள் அதே மிதி மிதித்தால் ஏமாற்றம் நிச்சயம்.

மலைப்பாதை தனிக் கதை. ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது மைலேஜ் தரைக்கு வந்துவிடும். இறங்கும்போது பேட்டரி நிரம்பும். நிரம்பிய பிறகு? வைக்க இடம் இல்லை. வண்டியைப் பிடிக்க இன்ஜின் திடீரென்று உறுமும். ரிப்பேர் என்று பயந்து மெக்கானிக்குக்கு போன் போடுபவர்கள் உண்டு. அது ரிப்பேர் இல்லை, அப்படித்தான் அந்த வண்டி.

பிள்ளையை ஸ்கூலில் விட ஒரு கிலோமீட்டர், கடைக்கு அரை கிலோமீட்டர் என்று மட்டுமே ஓட்டினாலும் மைலேஜ் விழும். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலும் இருக்கிறது. எத்தனாலில் சூட்டுச் சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப அமைத்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. 23-க்கும் 16-க்கும் உள்ள இடைவெளிக்கு இது மட்டும் காரணம் ஆகாது.

டிரைவர்களுக்கு ஒரு விஷயம். சிக்னலில் நின்றதும் நியூட்ரலில் தள்ளுவது நம்ம ஊர்ப் பழக்கம். டொயோட்டா ஹைபிரிட்டில் நியூட்ரலில் இருந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது. ‘டி’-யில் வைத்து பிரேக்கில் கால் வைத்தாலே போதும். பள்ளத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போனால் மிச்சமாகும் என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில்: இலவசமாக வரும் கரண்டைக் கைவிடுகிறீர்கள். கடைசி நேரத்தில் ‘டக்’கென்று மிதிப்பதை விட, தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே மெதுவாக, நீளமாக மிதித்தால் கரண்ட் நிறைய வரும்.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க!

‘ஹைபிரிட்’ என்று பின்னால் எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. எர்டிகா போன்ற வண்டிகளில் வரும் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்பது, பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டார். இன்ஜினுக்குக் கை கொடுக்கும், ஆனால் கரண்டில் மட்டும் வண்டியை நகர்த்தாது. கிராண்ட் விட்டாராவிலேயே ஸ்டிராங் ஹைபிரிட்டுக்கு 27.97, கியர் போட்டு ஓட்டும் ஸ்மார்ட் ஹைபிரிட்டுக்கு 21.11 என்றுதான் கம்பெனி சொன்னது. பழைய கார் வாங்கும்போது புரோக்கர் ‘ஹைபிரிட் சார்’ என்றால், எந்த ஹைபிரிட் என்று கேளுங்கள்.

நம்ம வண்டி எவ்வளவு தருகிறது என்று தெரிய மீட்டர் ஸ்கிரீனை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரு பங்கில் ஆட்டோ கட்-ஆஃப் ஆகும் வரை போடுங்கள். டிரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். நானூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி கட்-ஆஃப் வரை போடுங்கள். 412 கிலோமீட்டர் ஓடி 24.6 லிட்டர் பிடித்தால், 16.7. கட்-ஆஃப் ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும் என்பதால் மூன்று தடவையாவது செய்து பார்க்க வேண்டும். 10 லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்து சண்டைக்குப் போகக்கூடாது.

கை கடிக்குமா, காக்குமா?

இதுதான் முக்கியம். ஹைகிராஸ் வந்தபோது ஷோரூம் விலையில் சாதாரண பெட்ரோல் மாடல் 18.30 லட்சத்தில் தொடங்கியது, ஹைபிரிட் 24.01 லட்சத்தில் தொடங்கியது. வசதிகளிலும் வித்தியாசம் உண்டு. விலை அடிக்கடி மாறுகிறது. கணக்குக்காக வித்தியாசம் 5 லட்சம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டவுனுக்குள் சாதாரண வண்டி 10, ஹைபிரிட் 15 தருவதாகவும் வைப்போம்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு 15 ஆயிரம் ரூபாய் செலவு 10 ஆயிரமாகும். மிச்சம் 5 ஆயிரம். போட்ட 5 லட்சம் திரும்ப 8 வருடத்துக்கு மேல் ஆகும். அந்த 5 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக எடுத்தால், அதற்கு மட்டும் மாதத் தவணை சுமார் 10,380. மிச்சமாவது 5 ஆயிரம், கட்டுவது 10 ஆயிரம்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுத்து மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, போட்ட பணம் வர 25 வருடம்.

ஆனால் டவுனுக்குள் மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு மிச்சம் 13 ஆயிரத்துக்கு மேல். தவணை போகவும் கையில் நிற்கும். மூன்று வருடம் சொச்சத்தில் அசல் வந்துவிடும்.

அதே 4,000-ஐ ஹைவேயில் மட்டும் ஓட்டும் டூர் வண்டிக்கு? அங்கே சாதாரண வண்டி 13, ஹைபிரிட் 16 என்று வைத்தால், மிச்சம் 5,800 கூட வராது. ஏழு வருடம் ஆகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா தரும் வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. வீட்டு வண்டிக்கு 8 வருடமும் கிடைக்கும். மாதம் 4,000 ஓடும் வண்டிக்கு 40 மாதத்தில் கிலோமீட்டர் முடிந்துவிடும். டவுன் வண்டிக்காரர் அதற்குள் அசலை எடுத்துவிடுவார். டூர் வண்டிக்காரர் பாதி கூட எடுத்திருக்க மாட்டார். அதற்கு மேல் பேட்டரிக்கு ஏதாவது ஆனால் செலவு அவர் தலையில்தான்.

டாக்சி பெர்மிட் வண்டிக்கும் இதே வாரண்டியா, நீட்டிக்க முடியுமா, அதற்கு எவ்வளவு என்று புக் செய்யும் முன்பே கேட்டு, வாயால் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள், ஓடிய கிலோமீட்டரை சர்வீஸ் ரெக்கார்டுடன் ஒத்துப் பாருங்கள். மீட்டர் 90 ஆயிரம் காட்டி, ரெக்கார்டு 1,70,000 என்று சொன்னால், அந்த வண்டிக்கு வாரண்டி ஏற்கனவே முடிந்துபோயிருக்கும்.