அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் இருக்குமா?

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு மின்கம்பி அறுந்து மண்ணில் விழுந்தது. "தரையைத் தொட்டவுடனே பியூஸ் போயிருக்கும், இனி இதில் கரண்டு இருக்காது" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அதைத் தள்ளப் போனார். மின்சார வேலை தெரிந்த என் மாமா, "தம்பி, கிட்டே போகாதே!" என்று கத்தி நிறுத்திவிட்டார். லைன்மேன் வரும்வரை யாரையும் அங்கே விடவில்லை. அன்றிரவு எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். தோழியரே, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் 100 கே.வி.ஏ. திறனுள்ளது. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. மும்முனை மின்சாரம் ஆகையால் 433-ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732-ஆல் பெருக்கி, வருகிற எண்ணால் 1,00,000-ஐ வகுக்க வேண்டும். (வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் முணுமுணுத்தவள் நான்தான்!) விடை சுமார் 133 ஆம்பியர். முழுச்சுமையில் அது தரும் மின்னோட்டம் இவ்வளவே.

டிரான்ஸ்பார்மரின் அருகிலேயே மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எவ்வளவு பாயும்? அதற்கு அதன் தகட்டில் பொறித்துள்ள இன்னோர் எண் வேண்டும். இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று இருக்கும். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மாமா விளக்கினார்: சோதனையின்போது மின்சாரம் வெளிவரும் முனைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, மறுபக்கம் வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். 11,000-இல் 4.5 சதவீதமாகிய 495 வோல்ட் வந்ததுமே முழுச்சுமை மின்னோட்டம் ஓடத் தொடங்கிவிடும். அப்படியானால் 11,000 வோல்ட்டும் இருக்கும்போது? 133-ஐ 0.045-ஆல் வகுத்தேன். ஏறக்குறைய 2,960 ஆம்பியர்! அந்த நேரத்தில் 11,000 வோல்ட் சற்றுத் தாழும், ஆகவே உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் முழுச்சுமையைப்போல் சுமார் 22 மடங்கு. ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 22-ஐ 22-ஆல் பெருக்கிப் பாருங்கள், 484 மடங்கு வெப்பம்! பியூஸ் கம்பி நொடியில் உருகிவிடும். அண்ணன் நினைத்தது இதைத்தான்.

ஆனால் விழுந்த கம்பி வேறு கம்பியைத் தொடவில்லை, மண்ணைத்தான் தொட்டது. அங்கே ஓம் விதியே போதும். ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே 250 வோல்ட். கம்பியின் நீளம், மண், டிரான்ஸ்பார்மரின் எர்த் எல்லாம் சேர்ந்து 50 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், பாய்வது வெறும் 5 ஆம்பியர். வெந்நீர் போடும் ஹீட்டர் ஒன்று எடுக்கும் அளவு! அந்த லைனின் பியூஸோ 100 ஆம்பியருக்கானது. யாரோ ஒரு வீட்டில் வெந்நீர் போடுகிறார்கள் என்று அது பேசாமல் இருந்துவிடும். மனித இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும் என்று மாமா சொன்னபோது என் கை சில்லிட்டுப் போயிற்று.

மறுநாள் இந்தக் கணக்கை அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை சரிபார்த்தார். "அப்போ கரண்டு இல்லையென்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?" என்று மாமாவிடம் கேட்டார். "பார்த்தால் தெரியாது. டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கியவன் வந்து சொல்லவேண்டும்" என்றார் மாமா. குச்சி இன்னும் எங்கள் வாசலில்தான் கிடந்தது, மழையில் ஊறி.