பெயிண்ட் தெளிப்புத் துப்பாக்கியின் நாசில்

நாசில் என்பது பெயிண்ட் தெளிப்புத் துப்பாக்கியில் பூச்சு வெளியேறும் துளையுடைய முனை ஆகும். வெளிவரும் பூச்சை அழுத்தக் காற்று நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. துளையின் விட்டம் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது.

அமைப்பு

நாசில், அதன் துளையை அடைத்துத் திறக்கும் ஊசி, காற்றைச் செலுத்தும் காற்று மூடி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நாசிலை மட்டும் மாற்றிப் பழைய ஊசியையே விட்டுவைத்தால், துளை சரியாக அடைபடாமல் பூச்சு கசியக்கூடும்.

அளவுத் தேர்வு

பூச்சின் பாகுநிலையே துளையின் அளவைத் தீர்மானிக்கிறது. வாகனங்களுக்குப் பூச்சடிக்கும், மேலே கிண்ணம் உள்ள துப்பாக்கிகளில் பொதுவாகப் பயன்படும் அளவுகள்:

* சிறு திருத்தங்கள்: 0.8 – 1.0 மி.மீ.
* நிறப்பூச்சு, கிளியர் பூச்சு: 1.2 – 1.4 மி.மீ.
* பிரைமர்: 1.6 – 1.8 மி.மீ.

தவறான தேர்வின் விளைவுகள்

சிறிய துளையில் தடித்த பூச்சு நன்கு சிதறாது. உலர்ந்த பரப்பு ஆரஞ்சுத் தோல் போலக் காணப்படும். இதைத் தவிர்க்கத் தின்னரை அளவுக்கு மீறிக் கலந்தால் படலம் மெலிந்து, பூச்சு வழியவும் கூடும். எனவே பூச்சை நாசிலுக்கேற்ப நீர்க்கச் செய்வதைவிட, பூச்சுக்கேற்ற நாசிலைப் பொருத்துவதே முறையாகும். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் கூறப்பட்ட அளவில் தொடங்கி, முதலில் அட்டையொன்றில் தெளித்துப் பார்ப்பது நல்லது.