திரையில் நகரும் அம்பு

கொழுந்து பறிக்கப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கைதேர்ந்த ஒருத்தி நிரையில் நின்று தொழில் பழக்கும் முறையை மலையகத்தார் நன்கறிவர். வழக்கமான வேகத்திற் பறித்துக் காட்டினால், பார்ப்பவளுக்கு விரல்களின் அசைவு தெரியுமேயன்றிக் கொழுந்து எவ்விடத்தில் ஒடிகிறதென்பது தெரியாது. ஆதலால் கைதேர்ந்தவள் விரலை அரும்பின்மேல் வைத்துச் சற்றே நிறுத்துகிறாள், பின்னரே ஒடிக்கிறாள்.

மென்பொருளை இயக்கும் முறையைத் திரையிற் காட்டும் பாடப் படங்களைத் தயாரிப்போர் பலர் இந்த நிறுத்தத்தை மறந்துவிடுகின்றனர். அம்புக்குறி மின்னலெனப் பாய்கிறது, எதனையோ தொடுகிறது, திரை மாறிவிடுகிறது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு கணினியைச் சூழ்ந்து பலர் அமரும் தோட்டப் பாடசாலை மாணவருக்கு இதனால் நேரும் இடர் சிறிதன்று. 2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபின், கைபேசியின் சிறு திரையே பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. அத்திரையில் அம்பு ஒரு புள்ளியளவே. எதைத் தொட்டதெனக் காணாத பிள்ளை படத்தைக் குறை கூறுவதில்லை. தனக்குக் கணினி வராதென்றே எண்ணிக்கொள்கிறது. குற்றம் யாருடையது?

அந்த அம்பு எப்போதும் ஒருவருடைய கை அசைவு அன்று என்பது கவனிக்கத்தக்கது. அடோபி கப்டிவேட் போன்ற மென்பொருள்கள், ஒவ்வொரு சொடுக்கின்போதும் திரையைப் படம்பிடித்துக்கொண்டு, இடைப்பட்ட பாதையைத் தாமே வரைகின்றன. அம்பு எப்போது புறப்படுவது, எவ்வளவு நேரஞ் செல்வது என்பன தயாரிப்பவர் மாற்றியமைக்கக் கூடியவை.

இதற்கு அளவுகோல் இல்லாமலில்லை. இலக்கு தொலைவிலும் சிறிதாகவும் இருந்தால், கை அதனை அடையக் கூடுதலான நேரம் வேண்டும். ஆயினும் தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதி இது. சுட்டிக்கும் இது பொருந்துமென 1978இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மேலும், மனிதக் கை மெல்லப் புறப்பட்டு, நடுவில் விரைந்து, இலக்கை அணுகுகையில் தணிகிறது. அம்பும் அவ்வாறே சென்றால் கண் எளிதிற் பின்தொடரும். திடீரென அசைந்த பொருளை நோக்கிக் கண் திரும்பத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 0.2 விநாடி செல்கிறதன்றோ? ஆகவே, செல்வதற்கு ஒன்று முதல் இரண்டு விநாடி, சொடுக்குமுன் அரை விநாடி, சொடுக்கியபின் ஒரு விநாடி என்று விடுவது தொடக்க மாணவருக்குத் தகும்.

குரலோடு இணைக்கும்போதுதான் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகிறது. ஆங்கிலக் கட்டளையில் வினை முன்னும், தொடவேண்டிய பொருளின் பெயர் பின்னும் வரும். தமிழிலோ, “சேமி என்னும் பொத்தானைச் சொடுக்குக” எனப் பெயர் முந்தும். வினை ஈற்றில் நிற்கும். ஆங்கில ஒலிக்கென அமைத்த படத்தின்மேல் தமிழ்க் குரலை ஒட்டினால் என்ன நேரும்? பெயரைக் கேட்ட பிள்ளை பொத்தானைத் தேடும். அம்போ அசையாது கிடக்கும். தமிழ் வாக்கியம் நீண்டுவிட்டால், “சொடுக்குக” என்னுமுன்பே திரை மாறிவிடும். மாறாக, “சேமி” என்றதும் அம்பு புறப்பட்டு, பொத்தானில் வந்து நின்று, வினை ஒலித்து முடிந்தபின் சொடுக்கினால் காதும் கண்ணும் ஒருங்கே செல்லும். நம் மொழியின் வாக்கிய அமைப்பு இங்கே ஒரு வசதி; அதைப் பயன்படுத்தாது விடுவது வீண்.

படத்தை வெளியிடுமுன், அம்மென்பொருளை அறியாத பிள்ளை ஒன்றுக்கு அதைப் போட்டுக் காட்டலாம். ஆசிரியர் அப்போது திரையைப் பாராது பிள்ளையின் கண்களையே பார்க்க வேண்டும். சொடுக்கியபின்னரே கண் பொத்தானுக்கு வருமாயின், அவ்விடத்தில் இன்னும் அரை விநாடி சேர்க்க வேண்டும்.