ஆடிக்காற்றும் பட்டா இல்லாத கூரையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் ஊரே குளிரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அதே காற்று, தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் நம் மக்களின் வீட்டுக் கூரையில் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தூக்கி வீசிவிட்டுப் போகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நாம் பார்த்ததில்லை. கூரை பறந்து பார்த்திருக்கிறோம்.

அப்படிக் கூரை இழந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். கூலி வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், உடைந்த ஷீட்டுகளை அன்றைக்கே அள்ளி வெளியே கொட்டிவிட்டு, தார்ப்பாய் கட்டிப் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார். நான்கு நாள் கழித்து விசாரிக்க வந்தவர் கேட்டது இரண்டே கேள்விகள்: “சேதம் எங்கே? பட்டா எங்கே?” சேதத்தை அவரே அள்ளிக் கொட்டியிருந்தார். வீடு இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. மனு அங்கேயே நின்றுவிட்டது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நாம் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக ஒன்றிய அரசு வகுத்த 2022-26 விதிமுறைப்படி, முழுவதும் சேதமான வீட்டுக்குச் சமவெளியில் ரூ.1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருந்தால் உறுதியான வீட்டுக்கு ரூ.6,500, கச்சா வீட்டுக்கு ரூ.4,000. குடிசைக்கு ரூ.8,000. மாநில அரசு இதைக் கூட்டியும் தரலாம். 2024 ஃபெஞ்சல் புயலின்போது குடிசைக்கு ரூ.10,000 என்று தமிழக அரசு அறிவித்தது. சுவரும் விரிந்து, குடியிருக்க முடியாமல் போன வீட்டைப் ‘பகுதிச் சேதம்’ என்று எழுதிவிட்டால் லட்சம் ஆயிரங்களாகச் சுருங்கும். ஆகவே, எந்த வகையில் எழுதினார்கள் என்று அப்போதே கேட்க வேண்டும்.

அதே விதிமுறையில் இன்னொரு வரியும் உண்டு. சேதமான வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். நம்மை அடிப்பது இந்த வரிதான். ஓடைக்கரையிலும் புறம்போக்கிலும் நாம் விரும்பிக் குடியேறவில்லை. ஊருக்குள் மனை கிடைக்காததால் போனோம். ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளிவிட்டு, அங்கே இருப்பதையே காரணம் காட்டி நிவாரணத்தை மறுப்பது எந்த நியாயம்?

கூரை போனால் செய்ய வேண்டியவை இவை. உடைந்ததை அள்ளுவதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் செல்போனில் படம் எடுங்கள். அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். வட்டாட்சியருக்கும் ஒரு நகல் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ரேஷன் அட்டை நகல்களை இணையுங்கள். வீடு இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இப்போதே வாங்கிப் பட்டாவை மாற்றுங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள்.

“நமக்கேது இன்சூரன்ஸ்?” என்று பலர் கேட்கிறார்கள். வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தால் கடனோடு சேர்த்துப் பாலிசியும் எடுத்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. புயல், வெள்ளம், மின்னல், நிலச்சரிவுச் சேதங்கள் இதில் அடங்கும். சேரும்போது சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். சேதமானதும் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே பழுது பார்க்க வேண்டும். மழைக்குத் தார்ப்பாய் போட்டால் அந்தப் பில்லையும் வைத்திருங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் நியாயம் இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இதுநாள்வரை வாழ்ந்தவர்களின் மனைக்குப் பட்டாவும் வர வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடிக்கு முன் உங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கோப்பு போடுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியின் மனுவை நீங்கள் எழுதுங்கள். ஒப்புகை வாங்கும்வரை கூடவே நில்லுங்கள்.