கோப்பு எழுதுபவருக்குக் கட்டுரை எழுத வராதா?

பகலெல்லாம் அலுவலகம். மாலையில் லோக்கல் ரயிலில் இடிபட்டு அறைக்குத் திரும்பினால், அஞ்சல் வழிப் பாடம் காத்திருக்கிறது. மும்பையில் வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் படிக்கும் தமிழர் பலரின் அன்றாடக் கதை இது. இவர்கள் தேர்வுக்கு அஞ்சுவதில்லை. "ஆய்வுக் கட்டுரை எழுதுக" என்றால்தான் கை நடுங்குகிறது.

நடுங்க வேண்டியதே இல்லை. விஷயம் என்ன, முந்தைய உத்தரவு எது, என்ன தேதி, ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று குறிப்பு எழுதித்தானே குமாஸ்தா கோப்பை மேலே அனுப்புகிறார்? கட்டுரைக்கும் அதே முறைதான்.

கேள்வி சிறியதாகட்டும்

'தாராவி' என்று தலைப்பு வைத்தால் ஆயுள் முழுக்க எழுதினாலும் முடியாது. 'தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் வந்தது ஏன்?' என்று கேட்டால் வழி பிறக்கும்.

எங்கே தேடுவது?

1804-ல் தோன்றிய ஆசியச் சங்கத்தின் நூலகம் கோட்டைப் பகுதி டவுன் ஹாலில் இருக்கிறது. பம்பாய் நகர கெஜட்டியர் 1909-10-ல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளில், நகரவாசிகள் எங்கே பிறந்தவர்கள் என்ற விவரம் கிடைக்கும். தாராவியின் முதியவர்கள் சொல்வதும் ஆதாரமே. பேசிய தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் நான்கையும் படிக்கும்போதே எழுதிவிட வேண்டும். பிறர் வாசகம் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். சொந்தக் கருத்து தனியே நிற்க வேண்டும்.

காப்பி அடித்தால்?

பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி வகுத்தது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டி 40 வரை இருந்தால், 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால், திருத்திய ஆய்வேட்டையும் ஓராண்டுக்குத் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. வயிற்றைக் கட்டிக் கட்டிய பணமும், தூக்கம் தொலைத்த இரவுகளும் வீண்.

எழுதி முடித்ததும் இரண்டு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, அறை நண்பருக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். "இதுக்கு என்னய்யா அத்தாட்சி?" என்று அவர் கேட்கும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகு அனுப்பலாம். கோப்பானாலும் கட்டுரையானாலும், அத்தாட்சி இருந்தால் திரும்பி வராது.